ஓட்டைக் காலுறையும் ஆரஞ்சுக் கம்பியும்

மிர்யாவின் இடது காலுறையில், குதிகால் பக்கம், ஐந்து குரோனர் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. பல் டாக்டர் டோர்கெல் எக்மனின் வாசலில் ஷூவைக் கழற்றிய பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. ஸ்வீடனில் கொலை செய்ய வருகிறவன்கூட வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். துப்பறிய வந்தவர்களுக்கு மட்டும் விலக்கா கிடைக்கும்?

"குதிகாலைத் தூக்காம நட. யாருக்கும் தெரியாது" என்றாள் ரக்னில்ட், உதடு அசையாமல்.

"வாத்து மாதிரி இருக்குமே."

"வாத்து மேல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ரக்னில்ட் ஹார்னெஸ்க், டோர்கெலின் காப்பீட்டுக் கம்பெனியில் துப்பறிவாளர். ஐம்பத்திரண்டு வயது, குரல் உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை. மிர்யா எட்டு மாதமாக அவளுடைய உதவியாள். வடக்கே கிருனா என்ற ஊரில் சுரங்கத்துக்குள் துளை போடும் தொழிலாளியின் மகள், சட்டம் படித்தவள். குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் போன முதல் ஆள் அவள்தான். அதற்கு முன் போனவர் அங்கே ஹீட்டர் மாட்டப் போன சித்தப்பா.

டோர்கெல் அவர்களைத் தன் இசை அறைக்கு அழைத்துப்போனார். ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், நிமிர்த்தி வைத்த சவப்பெட்டிகள் போல. எதிரே கூட்டம் உட்கார ஒன்பது தோல் நாற்காலிகள். நடுவில் ஆம்ப்ளிஃபையர். அதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கறுப்பு உறை போட்ட கேபிள், எலியை விழுங்கிய பாம்பின் பருமனில். அது தரையைத் தொடவில்லை. அடிக்கு ஒன்றாக வைத்த வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களின் மேல் நோகாமல் படுத்திருந்தது.

"கம்பி தரையைத் தொடக்கூடாது. தரை ஒலியைத் திருடிடும்" என்றார் டோர்கெல். "எங்க தூய ஒலிச் சங்கத்தோட நாலாவது விதி."

"தரை மேல எப்போ புகார் கொடுத்தீங்க?" என்று கேட்டாள் மிர்யா.

ரக்னில்ட் இருமினாள். இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், டாக்டரையும் சரி, டாக்டர் வீட்டில் குப்பை அள்ளுகிறவரையும் சரி. சமத்துவம் அத்தோடு முடிந்துபோனதாக மிர்யாவின் அபிப்பிராயம்.

டோர்கெல் குனிந்து வலது கேபிளைக் காட்டினார். கறுப்பு உறை ஒரு சாண் நீளத்துக்கு அறுக்கப்பட்டிருந்தது. உள்ளே பளீரென்று ஆரஞ்சு நிறம். மே மாதம் வந்துவிட்டால் ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் மின்சாரப் புல்வெட்டியின் பின்னால் இழுபடுமே, அதே கம்பி.

"இதுக்குள்ள இருந்தது சுத்தமான வெள்ளி. ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் குரோனர். உருவிட்டு இந்தக் கண்றாவியைச் சொருகி வச்சிருக்கா."

"யாரு?" என்றாள் ரக்னில்ட்.

"தூவா ரிங்க்விஸ்ட். காருக்கு ஸ்டீரியோ மாட்டற பொண்ணு. போன மாசம் என் பழைய காருக்கு மாட்ட வந்தா. அதுக்கு முன்னாடி இந்த வாசப்படியே மிதிச்சதில்ல. கராஜ்ல அவ வேலை, நான் இங்க பாட்டு கேட்டுட்டிருந்தேன். திடீர்னு கதவுகிட்ட வந்து நிக்கறா. 'உங்க ஸ்பீக்கர்ல ஒண்ணு தலைகீழா இணைச்சிருக்கு, பேஸே வரலையே, அடி ஒலியே இல்லையே'ங்கறா. என் வீட்ல, என்கிட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெளிய போன்னேன். ஆனா அது மனசுல முள்ளு மாதிரி நின்னுடுச்சு. முந்தாநாள் உறையை அறுத்துப் பார்த்தா இது. இப்ப நீங்களே சொல்லுங்க. உள்ள என்ன இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? மாத்தினவளுக்குத்தானே தெரியும்?"

"காதால கேட்டிருக்கலாம்" என்றாள் மிர்யா.

டோர்கெல் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஊசி போடுவதற்கு முன் நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "நாங்க ஒன்பது பேர், இருபது வருஷமா காதைத் தீட்டி வச்சிருக்கோம். எங்களுக்குக் கேக்காதது டிராக்டர்-கார் ஓட்டற பசங்களுக்கு ஸ்பீக்கர் மாட்டறவளுக்குக் கேக்குமா?"

ரக்னில்ட் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். கேபிளின் நான்கு முனைகளையும் பார்த்தாள். சிவப்பு முனை சிவப்புத் துளையில், கறுப்பு முனை கறுப்பில், எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"வெளிய தப்பே இல்ல. கேபிள் யார் மூலமா வந்தது?"

"எங்க செயலாளர் ஹார்ட்விக் வரவழைச்சது. ஆல்ப்ஸ் மலையில ஒரு பெரியவர் கையால முறுக்கறார். வருஷத்துக்குப் பன்னெண்டே ஜோடி. சங்கத்துல எல்லார் வீட்லயும் அதுதான்." டோர்கெல் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். தீர்மானம் போட்டுட்டு நேரா போலீஸ்."

மணி அப்போது பதினொன்று.

தூவாவின் பட்டறை ரயில் பாதையை ஒட்டி இருந்தது. லைசென்ஸ் வயது வராத பையன்கள் ஓட்டும், முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாத டிராக்டர்-கார் ஒன்று கதவெல்லாம் கழன்று நின்றது. வேகம் கிடையாது என்பதால் அந்தப் பையன்கள் வீரத்தை முழுக்கச் சத்தத்தில் காட்டுவார்கள். தூவா தலைகீழாக அதற்குள் கிடந்தாள். இருபத்துநாலு வயது, நகத்தில் கிரீஸ்.

"டோர்கெல் நேத்தே போன் பண்ணித் திட்டியாச்சு. ஆரஞ்சுக் கம்பி என்கிட்டயும் இருக்கு. அதோ, ஒரு சுருள்" என்றாள், அவர்கள் கேட்பதற்கு முன்பே. "இந்த ஊர்ல அது இல்லாத வீடு எது? எல்லாரையும் உள்ள தூக்கிப் போடுங்க."

"புல்வெட்டிக் கம்பியைப் போட்டா ஸ்பீக்கர் கெட்டுடுமா?" என்றாள் ரக்னில்ட்.

"கெடறதா? மூணு மீட்டர் தூரத்துக்கு அது தாராளமாப் போதும். எவ்வளவு தூரம், ஸ்பீக்கர் எவ்வளவு கரண்ட் இழுக்கும், இந்த ரெண்டைத்தான் பார்க்கணும். தூரம் கூடினா கம்பி தடிமனாகணும். கார்னா பேட்டரி கம்பியை ஒரு பக்கம், பாட்டுக் கம்பியை மறுபக்கம் ஓட்டணும், இல்லன்னா இன்ஜினும் சேர்ந்து பாடும். அப்புறம் பிளஸ்ஸு பிளஸ்ல, மைனஸு மைனஸ்ல. அவ்வளவுதான். மீதியெல்லாம் பூஜை."

"அப்போ என்னதான் தப்பு?"

"உள்ள பழுப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணுன்னு ரெண்டு கம்பி. ஒரு முனையில பழுப்பைச் சிவப்புக்குக் குடுத்தவன், மறுமுனையில நீலத்தைச் சிவப்புக்குக் குடுத்திருக்கான். ஒரு ஸ்பீக்கர் காத்தை முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது. அது பண்றதை இது அழிச்சிடும். பேஸ் செத்துடும். பாடறவ நடுவுல நிக்காம பேய் மாதிரி ரூம் பூரா அலைவா." தூவா கையைத் துடைத்தாள். "மாசத்துக்கு முப்பது கார் பண்றேன். இந்தத் தப்பை நான் பண்ணினேன்னு சொல்றாங்க பாருங்க, திருடின்னு சொன்னதைவிட அதுதான் வலிக்குது."

துடைத்த துணியைச் சுருள் மேல் எறிந்தாள். பிறகு அவளே சொன்னாள். "ஆகஸ்ட்ல வீட்டு வயரிங் கம்பெனில சேரணும். லைசென்ஸ் பரீட்சை எழுதியாச்சு. போலீஸ்ல பேர் ஏறிடுச்சுன்னா, தீர்ப்பு எப்ப வந்தா என்ன? யாரு என்னை வீட்டுக்குள்ள விடுவாங்க?"

மிர்யாவுக்குக் காது மடல் சுட்டது. கேட்காத ஒன்பது பேர் காதுக்குச் சங்கம் வைத்திருக்கிறார்கள். கேட்ட ஒருத்தி திருடி.

"ஆறு மணிக்கு டோர்கெல் வீட்டுக்கு வா. கருவிப் பெட்டியோட" என்றாள் ரக்னில்ட். காரில் ஏறியதும் மிர்யாவைக் கேட்டாள்: "இந்தக் கம்பி எப்போ உள்ள போச்சு, அதான் கேள்வி. யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அவங்களுக்குத்தான் காதே கிடையாதே." மிர்யா நிறுத்தினாள். "ஆனா எழுதி வச்சிருப்பாங்க. சங்கமாச்சே."

மூன்று ஸ்வீடன்காரர்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டால், மெக்கானிக் வருவதற்குள் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் கூட்ட நடவடிக்கையைச் சரிபார்ப்பவர் ஆகிவிடுவார்கள். எதிர்பார்த்தபடியே, தூய ஒலிச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகள் பதினான்கு தொகுதிகள் இருந்தன. எல்லாம் செயலாளர் ஹார்ட்விக் லுண்டெல் வீட்டில்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரான ஹார்ட்விக் அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பத்தான் பார்த்தார். வீட்டில் பெயின்ட் வேலையாம். ஆனால் பனியும் மழையும் கலந்து கொட்டியது. மனிதர் நாகரிகத்துக்குக் கட்டுப்பட்டவர். "சரி, உள்ள வாங்க. ஷூ மட்டும்..."

"தெரியும்" என்றாள் மிர்யா, குதிகாலைத் தரையோடு ஒட்டியபடி.

பெயின்ட் வாசனை எதுவும் இல்லை. காபி வந்தது, ஏலக்காய் பன் வந்தது. புத்தக அலமாரியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் மெதுவாக ஏதோ பாட்டு. ஒரு பெண் சரியாக நடுவில் நின்று பாடினாள். அடியில் கிதார் நெஞ்சுக்குள் வந்து தட்டியது. மிர்யாவுக்குப் பிடித்திருந்தது.

"ரொம்ப அருமையா இருக்கு" என்றாள்.

"அட, அது சும்மா, செய்தி கேக்க வச்சிருக்கேன்" என்று ஹார்ட்விக் உடனே எழுந்துபோய் ஜன்னலோரம் இருந்த ஆம்ப்ளிஃபையரை அணைத்தார். பிறகு குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. மிர்யா முந்தின ஆண்டு அக்டோபர் பன்னிரண்டாம் தேதிக்கு வந்ததும் நின்றாள். நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஹார்ட்விக் பெருமையாகத் தலையாட்டினார். எழுந்தபோது அவள் குதிகாலில் ஏதோ உறுத்தியது. தரைவிரிப்புக்கு அடியில் நூல் மாதிரி மேடாக ஒன்று. காலை எடுத்து வைத்த இடத்திலும் இருந்தது.

காரில் காலுறையைத் தடவிக்கொண்டே திட்டினாள். "பல் டாக்டர் வீட்ல மானம் போச்சு, இங்க குதிகாலே போச்சு. விரிப்புக்குக் கீழ என்னத்தை வச்சுத் தொலைச்சாரோ, அலமாரில இருந்து ஜன்னல் வரைக்கும் நீளமா."

ரக்னில்ட் வண்டியைக் கிளப்பவில்லை. "எந்த அலமாரி?"

"அதான், ஸ்பீக்கர் இருந்த..." மிர்யா வாயை மூடினாள்.

"நாளைக்குப் புதுக் காலுறை வாங்கித் தரேன்" என்றாள் ரக்னில்ட். "இன்னிக்கு இதைக் கழட்டாதே."

சரியாக ஆறு மணிக்குச் சங்கத் தலைவர் டோர்கெல் சுத்தியலால் மேஜையைத் தட்டினார். கூட்டம் தொடங்கியது. ஒன்பது ஆண்கள், பதினெட்டு விலையுயர்ந்த காலுறைகள். தூவா கதவோரம் தன் பெட்டியுடன் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அஜெண்டாவில் பொருள் மூன்று: தூவா ரிங்க்விஸ்ட் மீது போலீஸ் புகார்.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை" என்றாள் ரக்னில்ட். "தூவா."

தூவா இரண்டு கேபிள்களையும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றினாள். ஸ்பீக்கர்களின் முன்பக்கத் துணியை எடுத்தாள். சட்டைப்பையிலிருந்து ஒரு சாதாரண டார்ச் பேட்டரியை எடுத்து இடது கேபிள் முனையில் தொட்டாள். சிவப்பு முனையில் பிளஸ். டப். ஸ்பீக்கரின் பெரிய கூம்பு முன்னால் துள்ளியது. வலது கேபிளிலும் அதேபோல் தொட்டாள். டப். இந்தக் கூம்பு உள்ளே பதுங்கியது.

"இதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் டோர்கெல். "கெடுத்து வச்சிருக்கா."

"மிர்யா, படி."

மிர்யா நகலைப் பிரித்தாள். "அக்டோபர் பன்னிரண்டு. தலைவரின் இல்லத்தில் புதிய வெள்ளிக் கேபிள் முதன்முறையாக ஒலித்தது. பாடகி இனி நடுவில் நிற்பதில்லை. அறை முழுவதும் மிதக்கிறாள். கீழ் ஒலிகள் நாகரிகமடைந்துவிட்டன. முன்பிருந்த முரட்டுத்தனம் அறவே இல்லை. ஒன்பது உறுப்பினரும் ஏகமனதாகப் பாராட்டினர்." நகலை மடித்தாள். "தூவா முதல்ல இங்க வந்தது போன மாசம். பாடகி மிதக்க ஆரம்பிச்சது அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி. கம்பி வந்த அன்னிக்கே."

சிவப்பு ஸ்வெட்டர் போட்ட உறுப்பினர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ... வெள்ளி?"

"வரவே இல்ல" என்றாள் ரக்னில்ட். "வராததை யாரும் திருட முடியாது."

எல்லோரும் ஹார்ட்விக்கைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். "ஆல்ப்ஸ்காரன் என்னையும் சேர்த்து ஏமாத்திட்டான். நானும் பாதிக்கப்பட்டவன்தான்."

"கம்பி தரையைத் தொடக்கூடாதுங்கற நாலாவது விதியை எழுதினது யாரு?" என்றாள் ரக்னில்ட்.

"நான்தான்."

"மிர்யா, குதிகாலைக் காட்டு."

மிர்யா ஒரு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி, ஓட்டையைச் சபைக்குக் காட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பணக்கார வீட்டில் அதை மறைக்கத் தோன்றவில்லை.

"இந்த ஓட்டை வழியா எனக்குத் தெரிஞ்சது, ஹார்ட்விக்" என்றாள். "உங்க வீட்டு ஸ்பீக்கருக்குப் போற கம்பி விரிப்புக்கு அடியில, தரையோட தரையா ஓடுது. நூல் மாதிரி. பீங்கான் கிண்ணமும் இல்ல, பெரியவரும் இல்ல. இந்த ரூம்ல கேக்காத பேஸ் அங்க கேட்டுச்சு. அதான் பாஞ்சு போய் அணைச்சீங்க."

"ஆல்ப்ஸ் பெரியவரோட நம்பர் குடுங்க. இங்கேயே பேசிடலாம்" என்றாள் ரக்னில்ட், போனை மேஜையில் வைத்து.

ஹார்ட்விக் போனைப் பார்த்தார். பிறகு, தப்பு செய்த பையனைப் போல் அல்ல, தப்பு செய்த வகுப்பைப் பார்க்கும் ஆசிரியரைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல் ஜோடி ஒரு பரிசோதனைதான். உறைக்குள்ள ஆரஞ்சுக் கம்பி வச்சுக் குடுத்தேன். ஒருத்தராவது கண்டுபிடிப்பீங்கன்னு காத்திருந்தேன். 'பனிமலைக் காத்து வீசுது'ன்னீங்க. அடுத்த ஜோடிக்கு 'பட்டு'ன்னீங்க. டோர்கெலுக்கு வேணும்னே தலைகீழா இணைச்சேன். அதையும் ஏகமனதா பாராட்டினீங்க. நான் உங்களை ஏமாத்தல. உங்களை அளந்தேன்."

"அளக்கறவர் முதல் ஜோடியோட நிறுத்தியிருப்பார்" என்றாள் மிர்யா. "நீங்க எட்டு வீட்டுக்கு வித்திருக்கீங்க. சரி, அது உங்க பாடு, அவங்க பாடு. ஆனா இதோ, இன்னிக்கு அஜெண்டா. பொருள் மூணு. இவ மேல போலீஸ் புகார். டைப் அடிச்சது உங்க விரல்தானே? கண்டுபிடிக்கணும்னு காத்திருந்தீங்கல்ல? ஒருத்தி கண்டுபிடிச்சா. அவளுக்கு நீங்க குடுத்த மார்க் இதுவா?"

ஹார்ட்விக் அஜெண்டாத் தாளைக் கவிழ்த்து வைத்தார். தூவா அதற்குள் வலது கேபிளின் முனையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே எல்லாம் இல்ல" என்றாள் தலை நிமிராமல். "பத்தவச்ச ஈயத்தைப் பாருங்க, வழிஞ்சு கிடக்கு. அவசரத்துல பழுப்பும் நீலமும் இடம் மாறிப்போச்சு. வாத்தியாருக்குக் கை நடுக்கம்."

அதுதான் ஹார்ட்விக்கைச் சாய்த்தது. திருடன் என்று சொன்னாலும் தாங்கியிருப்பார்.

டோர்கெல் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே. இது வெளிய போக வேண்டாம். கூட்டமே இன்னும் தொடங்கலன்னு வச்சுக்குவோம்." எட்டுத் தலைகள் வேகமாக ஆடின.

"சுத்தியல் தட்டியாச்சு" என்றாள் மிர்யா. "தட்டினா கூட்டம். கூட்டம்னா குறிப்பு. செயலாளர் எழுத முடியாது, அவர் மேலேயே விசாரணை. வெளியாள் ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும். நான் இருக்கேன்."

சிவப்பு ஸ்வெட்டர்க்காரர் வேதனையோடு ஒப்புக்கொண்டார். "விதிப்படி அது சரிதான்." விதி என்ற சொல் வந்தபின் ஒன்பது பேரில் ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை. கை தூக்கினார்கள்.

மிர்யா எழுதினாள். தூவா ரிங்க்விஸ்ட் மீதான குற்றச்சாட்டு ஆதாரமற்றது. தலைவர் வருத்தம் தெரிவிக்கிறார். பிழையைக் கேட்டறிந்த ஒரே நபர் தூவாவே.

"'குற்றச்சாட்டு'க்குப் பதிலா 'சின்னப் புரிதல் கோளாறு'ன்னு போடலாமே" என்றார் டோர்கெல்.

"போடலாம். அப்போ 'ஒன்பது உறுப்பினரும் செவிடர்'னு அடுத்த வரி வரும். எது வேணும்?"

டோர்கெல் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரக்னில்டைப் பார்த்து நப்பாசையோடு கேட்டார். "காப்பீடு?"

"எங்ககிட்ட திருட்டுக்குத்தான் காப்பீடு. ஏமாந்ததுக்குக் கிடையாது. ஹார்ட்விக் மேல மோசடிப் புகார் நீங்க குடுக்கலாம். எட்டுப் பேரும் கோர்ட்ல ஏறி, புல்வெட்டிக் கம்பியைப் பட்டுன்னு சொன்னோம்னு சாட்சி சொல்லணும்."

தூவா கத்தியை மேஜையில் வைத்தாள். "சந்தேகமா இருந்தா வீட்ல அறுத்துப் பாருங்க." யாரும் தொடவில்லை.

இரண்டே நிமிடத்தில் அவள் வலது கேபிளில் பழுப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி, முனையைத் திருகிச் சொருகினாள். பாட்டைப் போட்டாள். பேஸ் வந்தது. ஆறு மாதம் வெளியே நின்ற விருந்தாளி போல, தட்டாமலே உள்ளே வந்தது. பீங்கான் கிண்ணங்கள் கடகடவென்று ஆடின. ஒன்று சரிந்து உருண்டது. பாடகி அலைவதை விட்டு நடுவில் வந்து நின்றாள்.

பாட்டு முடிந்ததும் சிவப்பு ஸ்வெட்டர்க்காரர் தலையைச் சாய்த்தார். "கொஞ்சம்... முரட்டுத்தனமா இல்ல?"

"அந்தப் பழைய காத்தோட்டம் போயிடுச்சு" என்றார் இன்னொருவர். மிர்யா அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள்.

வாசலில் ஷூ மாட்டும் நெரிசல். தூவா குறிப்பின் நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லேஸ் கட்டக் குனிந்தாள். பக்கத்தில் சிவப்பு ஸ்வெட்டர்க்காரரும் குனிந்தார். அவருடைய லேஸ் ஏற்கெனவே கட்டியிருந்தது.

"எங்க வீட்லயும் ஒரு தடவை பார்க்கணும்" என்றார் கிசுகிசுப்பாக. "புதன்கிழமை இருட்டினப்புறம், தோட்டத்து வழியா வரியா? யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவர் நிமிர்ந்ததும் அந்த இடத்தில் இன்னொருவர் குனிந்தார். அவருக்குப் பின்னால் மூன்றாமவர், கையில் ஷூ மாட்டும் கரண்டியோடு, தன் முறைக்குக் காத்திருந்தார்.

தூவா லேஸை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தாள். எல்லோருக்கும் கேட்கிற குரலில்தான் பேசினாள்.

"வரேன். பகல்லதான் வருவேன். முன்வாசல் வழியா."